இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதே

வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லிவிட்டால் எங்கள் அம்மா வாயிலேயே ஒன்று போடுவாள். "வர்றேன்னு சொல்லுடி, எழவெடுத்தவளே" என்பாள். யார் வீட்டில்தான் இது இல்லை? சாவு வீட்டிலிருந்து மட்டும்தான் நாம் சொல்லாமல் எழுந்து வருவோம். அப்படி வளர்ந்த என்னை, இரண்டு பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி முடித்த வயதில் பிடித்து நிறுத்தி, 'போறேன்' என்று சொல்ல வைத்தவள் ஒருத்தி உண்டு. லாட்ஜ்கார அக்கா.

பெங்களூரிலிருந்து ஓசூர் போகிற ரோட்டில் சந்தாபுராவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே உள்ளே திரும்பினால் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதற்குப் பின்னால் எங்கள் தெரு. எனக்கு அங்கே மீன் கடை. ஆந்திராவிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் ரோகு, கட்லா. வாங்குகிற ஜனம் எல்லாம் பங்களாதேஷ். இருதய ஆபரேஷன், கிட்னி, குழந்தைக்கு நெஞ்சில் ஓட்டை என்று எல்லை தாண்டி வருவார்கள். கல்கத்தாக்காரர்கள் மெயின் ரோட்டு லாட்ஜோடு நின்றுவிடுவார்கள், எங்கள் தெரு இவர்களை நம்பித்தான். கடை போர்டுகளில் கன்னடத்தைவிட வங்காளம்தான் பெரிசாக இருக்கும். எனக்கே 'கோதோ' என்றால் எவ்வளவு, 'டாட்கா' என்றால் புதுசு என்று நன்றாகப் பழகிவிட்டது. தலை இல்லாமல் மீனைக் கொடுத்தால் முகம் சுண்டிப் போய்விடும் அவர்களுக்கு. தலையைத் தனியாகச் சுத்தம் பண்ணிக் கொடுக்கிறவள் என்று எனக்கு ஒரு பெயரே இருந்தது.

அக்காவின் லாட்ஜ் என் கடைக்கு எதிரில். மூன்று மாடி. ரூமுக்கு ரூம் ஒரு மூலையில் கேஸ் அடுப்பு, சட்டி பானை. சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு மாசக்கணக்கில் கிடப்பார்கள். கட்டடம் ரெட்டி என்று ஒருவருடையது, லீசுக்கு எடுத்து நடத்தினது அக்கா. குள்ளம், கனத்த உடம்பு, இடுப்பில் சாவிக்கொத்து. நடந்து வந்தால் கோயில் மாடு வருகிற மாதிரி சத்தம் முதலில் வரும்.

முதல் தடவை அவளுக்கு மீன் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, "வர்றேன்க்கா" என்றேன்.

கேட்டைக் கையால் பிடித்துக்கொண்டாள். "என்ன சொன்னே?"

"வர்றேன்னு சொன்னேன்."

"இங்க அதச் சொல்லக் கூடாது. போறேன்னு சொல்லு."

"ஐயே, அபசகுனமா எதுக்குக்கா?"

"இது என்ன உன் மாமியா வீடா, வந்து வந்து போறதுக்கு? ஆஸ்பத்திரி லாட்ஜும்மா. சொல்லு."

"நான் பேஷண்ட்டா? மீன்காரிதானே."

"மீன்காரிக்கு நெஞ்சுல இருக்கறது என்ன கருங்கல்லா? சொல்லிட்டுப் போ, எனக்கு வேலை கெடக்கு."

சொன்னேன். நாக்கு கூசியது. அவள் கேட்டை விட்டாள். "ம், போ. இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதே" என்றாள். மறுநாள் பொழுது விடியவில்லை, "அந்த மீன்காரி எங்க, ரெண்டு ரோகு தலை வேணும்" என்று அவளே வந்து நிற்கிறாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எல்லோருக்கும் இதுதான். டிஸ்சார்ஜ் ஆகி மூட்டை முடிச்சோடு வாசலில் நிற்பார்கள். அழுவார்கள், அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த ஊரிலும் நம்மைப் போலத்தான், கிளம்பும்போது 'ஆஷி' என்பார்கள். வர்றேன் என்று அர்த்தம். விடமாட்டாள். "ஆஷி இல்ல, ஜாச்சி சொல்லு, ஜாச்சி" என்று போறேன் சொல்ல வைத்துவிட்டுத்தான் சாவியை வாங்குவாள். அப்புறம் அரை இந்தி, கால் வங்காளம், மீதி தமிழில் தன் ஆசீர்வாதத்தைச் சொல்வாள். இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதே. கேட்டைத் தாண்டினால் திரும்பிப் பார்க்கக் கூடாது. புரிந்தவர்கள் சிரித்துக்கொண்டே அழுவார்கள். புரியாதவர்கள் இந்தம்மாவுக்கு என்ன கோபமோ என்று விழிப்பார்கள். அவர்கள் வண்டியில் ஏறுவதற்குள் இவள் மாடியில் மெத்தை உறையை உருவிக்கொண்டிருப்பாள்.

ஒரு பொருளை விட்டுவிட்டுப் போக விடமாட்டாள். விட்டுப் போன பொருள் ஆளைக் கூப்பிடுமாம். கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்ப்பாள், பாத்ரூம் ஆணியில் தேடுவாள். ஒரு தரம் ஒரு பொடியனின் செருப்பு ஒற்றை மட்டும் மாடிப்படியில் கிடந்தது. வண்டி போய்விட்டது. ஆட்டோவைப் பிடித்துத் துரத்திக்கொண்டு போய், எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் டிராபிக்கில் நின்றிருந்த டாக்சியின் ஜன்னல் வழியாக அந்தச் செருப்பை உள்ளே எறிந்துவிட்டு வந்தாள். அது அந்தப் பையனின் பாட்டி மடியில் போய் விழுந்ததாம். "கிழவி என்னைத் திட்டுச்சு. திட்டட்டும். செருப்பு போய்ச் சேந்துச்சு இல்ல" என்று முந்தானையால் விசிறிக்கொண்டாள். தெருவே ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தது.

ஆனால் எல்லோரும் அப்படிக் கிளம்புவதில்லையே. இரண்டு பேராக வந்து ஒரு ஆளாகத் திரும்புகிறவர்களும் உண்டு. அவர்களிடம் அக்கா ஒரு வார்த்தை பேசமாட்டாள். போறேன் சொல்லு என்று கேட்கமாட்டாள், ஆசீர்வாதமும் கிடையாது. பையைத் தான் வாங்கிக்கொண்டு, அவர்கள் கையைப் பிடித்து, மெயின் ரோடு வரைக்கும் கூடவே நடப்பாள். வண்டி ஏற்றிவிட்டு அப்படியே திரும்பி வருவாள். அன்றைக்கு நான் அவளிடம் வாய் கொடுக்கமாட்டேன்.

ஏன் இப்படி என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். கட்லாவைச் செதில் சீவிக்கொண்டிருந்தேன், அவள் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சொந்த ஊர் கோலார் தங்கவயல். வீட்டுக்காரர் சுரங்கத்தில் இருந்தவர். சுரங்கம் மூடினதும் விடிகாலை ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்கு வந்து போனவர். அவருக்கு நெஞ்சு வலி வந்து இங்கே ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைக்கவைத்துவிட்டார்கள்.

"வீட்டுக்குக் கெளம்பறோம். அங்க வாசல்ல இருந்த பொண்ணு, பாவம், நல்ல மாதிரி, 'போயிட்டு வாங்கம்மா'ன்னுச்சு. நான் பல்ல இளிச்சுட்டு, 'வர்றோம்மா'ன்னேன். என் நாக்க அறுத்துப் போடணும். அடுத்த மாசமே வந்தோம். திரும்பிப் போகும்போது நான் மட்டும்தான் போனேன்."

"அது உன் வாயாலயா நடந்துச்சு அக்கா? பைத்தியமா நீ?" என்றேன்.

"இல்லன்னு எனக்கும் தெரியும். ஆனா சொன்னது நான்தானே" என்றாள். பிறகு, "தலைய நல்லா கழுவு, செவுள்ல ரத்தம் நிக்குது பாரு" என்றாள்.

பங்களாதேஷில் கலாட்டா என்று டிவியில் காட்டினபோது எங்கள் தெரு அசையவில்லை. எங்கேயோ மழை, நமக்கென்ன குடை என்று இருந்தோம். அப்புறம் விசா நின்றுபோனது என்றார்கள். வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள், புதிதாக ஆள் இறங்கவில்லை. முதலில் பணம் மாற்றுகிற கடை மூடியது. பிறகு சிம் கார்டு கடை. பிறகு சாப்பாட்டு மெஸ். மூலையில் இருந்த இரண்டு லாட்ஜிலும் டூ-லெட் தொங்கியது. வாடகை வீல்சேர் கடையில் நாற்காலிகள் வெயிலில் வரிசையாக நின்று துருப்பிடித்தன. உட்கார ஆள் இல்லாத வீல்சேர் நல்ல விஷயம்தானே என்று தோன்ற வேண்டும், எங்களுக்கு அதைப் பார்த்தால் வயிறு எரிந்தது. அப்படி ஒரு பிழைப்பு எங்களுடையது. எனக்கு வந்த ஐஸ் பெட்டி மூன்று ஒன்றாகி, அந்த ஒன்றிலும் பாதி மீன் கண் வெளுத்துப் போய்க் கிடந்தது.

"அடுத்த மாசம் சரியாயிடும்" என்று டீக்கடைக்காரர் தினம் சொல்வார். தர்மபுரிக்காரர், எங்கள் வியாபாரிகள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அவர் அதைச் சொல்கிறபோதெல்லாம் அக்கா என் காதோடு சொல்வாள்: "எங்க ஊர்லயும் இப்படித்தான் சொன்னாங்க. அடுத்த மாசம் தொறப்பாங்க, அடுத்த மாசம் தொறப்பாங்கன்னு. ஜனம் அத சொல்ல ஆரம்பிச்சா ஊரு முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. ஆனால் ஒரு நாள் அது டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டது. அந்தம்மா கரிநாக்கு. வந்த ஜனத்தையெல்லாம் இந்தப் பக்கம் வராதே, தலைவச்சுப் படுக்காதே என்று வாசலில் நின்று சாபம் விட்டுக்கொண்டே இருந்தாளே, பலித்துவிட்டது. அவ்வளவுதான், ஆளாளுக்குச் சாட்சி. இந்த ஓட்டை ஸ்கூட்டர் எத்தனை நாள் ஓடும் என்று அவள் ஒரு தரம் என்னைக் கேட்டாளாம், அதே வாரம் என் ஸ்கூட்டர் நின்றதாம். ஐயோ சாமி! அது பத்து வருஷமாக நின்று நின்று போன ஸ்கூட்டர்.

நான் டீக்கடைக்கே போய்ச் சண்டை போட்டேன். "அவ வாயால ஜனம் வரலன்னா, உன் டீயக் குடிச்சு எத்தன பேரு செத்திருக்கணும்?" என்று கேட்டேன். எனக்கு வாய் நீளம்தான், தெரிந்த விஷயம்.

"உனக்கென்னம்மா, மீன எங்க வேணா விப்பே. எங்க பொழப்பு இந்தத் தெருவோடதானே" என்றார் அவர். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். அவர் கெட்டவர் இல்லை. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்களே, எங்கள் தெருவில் முதலில் பறந்தது புத்தி.

அக்காவின் லாட்ஜும் ஆடிக்கொண்டிருந்தது. ரெட்டி வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "ஏனு மாடோதம்மா, நானும் என்ன பண்றது" என்றார். யுகாதிக்குள் ரூம்கள் நிறையாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டியது, பார்சல் கம்பெனிக்குக் குடோன் கேட்கிறார்கள் என்றார். அந்த லாட்ஜை விட்டால் அவளுக்கு வீடும் இல்லை, தொழிலும் இல்லை. மூன்றாவது மாடியில் ஒரு ரூமில்தான் அவளே குடியிருந்தாள்.

அந்த நேரத்தில் லாட்ஜில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு குடும்பம். அப்பன், அம்மா, மிம் என்று ஒரு பெண் குழந்தை. ஐந்து ஆறு வயசிருக்கும். நெஞ்சில் ஓட்டை. எப்படியோ விசா கிடைத்து வந்தவர்கள். தெருவே அவர்களை மாப்பிள்ளை வீட்டார் மாதிரி பார்த்துக்கொண்டது, வேறு யார் இருக்கிறார்கள்? மிம் என் கடைக்கு வந்து மீன் கண்ணை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடும். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உதடெல்லாம் சிவந்து, மாடிப்படியில் தானாக ஏறி இறங்க ஆரம்பித்தது. அக்கா அதற்கு 'ஜாச்சி' சொல்லப் பழக்கிவிட்டாள். அது ஒரு விளையாட்டு. போகும்போது வரும்போதெல்லாம் கேட்டில் நின்று "ஜாச்சி!" என்று கத்தும்.

அவர்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் தெருவில் மீதி இருந்தவர்கள் எல்லோரும் அக்காவிடம் போனார்கள். நானும் போனேன், அவள் பக்கத்தில் நிற்க. மிரட்டல் ஒன்றும் இல்லை. மிரட்டியிருந்தால் சாவிக்கொத்தாலேயே அடித்திருப்பாள். ஜூஸ் கடைப் பெண் அவள் காலைத் தொட வந்துவிட்டாள். "ஒரே ஒரு தடவ நல்ல வார்த்த சொல்லி அனுப்பு அக்கா. திரும்ப வாங்கன்னு சொல்லு. எங்களுக்காக. என் புள்ளைங்க மூஞ்சியப் பாரு" என்றாள்.

"வாயால சொன்னா விசா வருமா?" என்றாள் அக்கா.

டீக்கடைக்காரர்தான் பதில் சொன்னார். "வாயில ஒன்னும் இல்லன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப சொல்லிட்டுப் போங்களேன்மா. என்ன கொறைஞ்சிடும்?"

நான் குறுக்கே புகுந்து, "அதெல்லாம் வேணாம், அவங்கவங்க வேலயப் பாத்துட்டுப் போங்க" என்று கத்தினேன். அவள் என் கையை அழுத்தினாள். ஜூஸ் கடைப் பெண்ணின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் டாக்சி வந்தது. ஷட்டர் திறந்தவர்கள், மூடினவர்கள், எல்லோரும் வாசலில். மிம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டில் வந்து நின்று, "ஜாச்சி!" என்று கத்திவிட்டு, அக்கா முகத்தைப் பார்த்தது. தலைவச்சுப் படுக்காதே என்று வரும், சிரிக்கலாம் என்று.

"ஆபார் ஏஷோ" என்றாள் அக்கா. திரும்ப வாம்மா என்று அர்த்தம். குரலே அவளுடையதாக இல்லை.

குழந்தை முழித்தது. அப்பனுக்கு ஒரே சந்தோஷம், முதல் தடவையாக இந்தம்மா மனுஷர் மாதிரி பேசுகிறாளே என்று. "ஆஷ்போ தீதி, ஆஷ்போ" என்று கும்பிட்டார். வருவோம் அக்கா, வருவோம். டீக்கடைக்காரர் அன்றைக்குத் தெருவுக்கே ஓசி டீ கொடுத்தார். அக்கா உள்ளே போய்க் குழாயைத் திறந்து வாய் கொப்பளித்தாள். ரொம்ப நேரம் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள்.

யுகாதி வருவதற்குள் வந்துவிட்டார்கள். அந்த டாக்சி தெருவில் திரும்பினதைப் பார்த்ததும் டீக்கடைக்காரர் துண்டை உதறிக்கொண்டு ஓடினார். "பாத்தீங்களா, வாய் முகூர்த்தம்! சொன்னேனா இல்லையா!" என்று கத்தினார். கதவைத் திறந்து இறங்கினது அப்பன் மட்டும். அம்மாவுக்கு இந்தத் தடவை விசா கொடுக்கவில்லை. அவர் தோளில் மிம். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி நீலம். ஊருக்குப் போன இடத்தில் காய்ச்சல் வந்து, அது நெஞ்சுக்குள் இறங்கிவிட்டதாம். டீக்கடைக்காரர் துண்டை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

குழந்தை அக்காவைப் பார்த்துக் கையை அசைத்தது. அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாங்க என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தீங்க என்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் லாட்ஜில் அடுப்பு பற்றவைக்கவில்லை. குழந்தையைச் சேர்த்த ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தாள். நான் சோறு கொண்டுபோய்க் கொடுத்தால் டப்பா அப்படியே திரும்பி வரும்.

குழந்தை பிழைக்கவில்லை. டாக்டர்கள் படாதபாடு பட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

குழந்தையை வைத்த பெட்டியை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோக வண்டி நின்றுகொண்டிருந்தது. அப்பன் தன் பையை எடுக்க லாட்ஜுக்கு வந்தார். இப்படிப் போகிறவர்களை மெயின் ரோடு வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறவள் அக்கா. அன்றைக்குக் கேட்டுவரை வந்தவளுக்குக் கால் எழவில்லை. அவர் சாவியை அவள் கையில் வைத்தார். அவள் எப்போதும் கேட்கிறதை மறக்காமல், மரியாதையாக, "ஜாச்சி, தீதி" என்றார். போகிறேன் அக்கா. திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பையை வாங்கிக்கொண்டு நான்தான் கூடப் போனேன்.

யுகாதி வரைக்கும் காத்திருக்காமல் அக்கா ரெட்டியைக் கூப்பிட்டுச் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டாள். "எங்கக்கா போவே?" என்று கேட்டேன். "எங்க ஊருக்குத்தான். மூடின ஊர்லயே போய் உக்காந்துக்கறேன். அங்க புதுசா மூடறதுக்கு ஒன்னும் இல்ல" என்றாள். அவள் என்னிடம் பேசின கடைசிப் பேச்சு அது.

சாமான் ஏற்ற டெம்போ வந்தது. நாலு பெட்டி, ஒரு பீரோ, கட்டில். தெருவில் மிஞ்சியிருந்தவர்கள் வந்து நின்றார்கள். டீக்கடைக்காரர் குனிந்த தலையோடு, "போயிட்டு வாங்கம்மா" என்றார். அவருக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்? அக்கா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். யாருக்கும் ஒரு வார்த்தை இல்லை. சாவு வீட்டிலிருந்து எழுந்து போகிற மாதிரி, சொல்லாமல் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, போறேன்னாச்சும் சொல்லிட்டுப் போயேன்!" என்றேன். வாயைப் பொத்தின கை அப்படியே இருந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது. அவள் தன் வாயை இனி எதற்கும் திறக்கமாட்டாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

டெம்போ நகர்ந்தது. மீன் நாற்றக் கையோடு பின்னால் ஓடினேன். இருக்கிற ஆத்திரம் எல்லாம் சேர்த்துத் தொண்டை கிழிகிற மாதிரி கத்தினேன்: "போ அக்கா! போ! இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதே!"

தெருவே என்னைப் பைத்தியக்காரி மாதிரி பார்த்தது. பார்க்கட்டும். டெம்போ மெயின் ரோட்டில் ஏறி மறைகிற வரைக்கும் ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. திரும்பவில்லை. கேட்டைத் தாண்டினால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவளே அவள்தானே.